நினைவு நாளுக்கு அரசு விடுமுறை கேட்டுச் சட்டமன்றத்தில் மனு அளிப்பது எப்படி?

எங்கள் வட்டாரத்தில் ஒரு போராட்டத்தில் உயிர்நீத்தவர்களின் நினைவு நாளை அரசு விடுமுறையாக அறிவிக்க வேண்டும் என்று நாங்கள் சிலர் முயன்றபோது, முதல் இரண்டு ஆண்டுகள் வீணாயின. கோரிக்கையில் தவறு எதுவுமில்லை. யாரிடம், எப்போது, எந்த வடிவத்தில் கேட்க வேண்டும் என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை. தமிழ்நாட்டில் இதே வழியில் இறங்கவிருக்கும் உங்களுக்கு அந்த இரண்டு ஆண்டுகள் மிச்சமாக வேண்டும் என்பதற்காக, தேவையான ஆவணங்கள், செலவு, கால அளவு ஆகியவற்றைப் படிப்படியாக எழுதுகிறேன்.

1. எந்த வகை விடுமுறை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

"விடுமுறை அறிவிக்க வேண்டும்" என்று மட்டும் எழுதினால் மனு எந்தப் பக்கமும் நகராது. ஒரு நாளைச் சிறப்பிக்க அரசிடம் நான்கு வழிகள் உள்ளன. அவை ஒவ்வொன்றும் வேறு வேறு விளைவு உடையவை.

முதலாவது, பொது விடுமுறை. இது காசோலை, கடனுறுதிச் சீட்டு போன்றவற்றை முறைப்படுத்தும் 1881-ஆம் ஆண்டு செலாவணி முறிச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்கீழ் அறிவிக்கப்படுவது. அரசு அலுவலகங்களும் பள்ளிகளும் மட்டுமல்லாமல் வங்கிகளும் அன்று மூடப்படும். அன்றைய தேதியில் பணம் செலுத்த வேண்டிய கடனுறுதிச் சீட்டும் மாற்றுச் சீட்டும் அதற்கு முந்தைய வேலை நாளிலேயே செலுத்தத் தக்கவையாகிவிடும். மாநிலம் முழுவதும் பணப் பரிமாற்றத்தைத் தொடும் முடிவு என்பதால் அரசு இதை எளிதில் வழங்குவதில்லை. 2024-ஆம் ஆண்டுக்கான தமிழ்நாடு அரசின் பட்டியலில் 24 நாட்கள் இருந்தன; அவற்றுள் ஒன்று வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிவுக்கானது. புதிதாக ஒரு நாள் சேர்வதே இல்லை என்று எண்ண வேண்டாம். 2021 ஜனவரியில் தைப்பூசம் இந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இரண்டாவது, உள்ளூர் விடுமுறை. மாவட்ட ஆட்சியர் தம் மாவட்டத்துக்கு மட்டும் அறிவிப்பது இது. செலாவணி முறிச் சட்டத்தின்கீழ் வராது என்பதால் வங்கிகள் வழக்கம்போல் இயங்கும். கருவூலமும் சார்நிலைக் கருவூலங்களும் அவசரப் பணிகளுக்காகக் குறைந்த பணியாளர்களுடன் திறந்திருக்கும். அறிவிக்கப்பட்ட தேர்வுகள் தடையின்றி நடக்கும். அதற்கு ஈடாகப் பெரும்பாலும் ஒரு சனிக்கிழமை வேலை நாளாக அறிவிக்கப்படும். அரசு வேலை நாள் எதையும் இழப்பதில்லை என்பதால் இது கிடைப்பது ஒப்பீட்டளவில் எளிது. 1956-இல் தாய்த் தமிழகத்துடன் இணைந்ததை நினைவுகூர்ந்து கன்னியாகுமரி மாவட்டத்தில் நவம்பர் 1 அன்று உள்ளூர் விடுமுறை விடப்பட்டு வருவது நல்ல முன்மாதிரி. நினைவு நாள் ஒரு வட்டாரத்தோடு பிணைந்ததாக இருந்தால், அதை மேற்கோள் காட்டுங்கள்.

மூன்றாவது, வரையறுக்கப்பட்ட விடுப்பு. அரசு ஊழியர் ஒரு தனிப் பட்டியலிலிருந்து ஆண்டுக்கு மூன்று நாட்களைத் தாமே தேர்ந்துகொள்ளலாம். அந்தப் பட்டியல் பெரும்பாலும் சமய நாட்களைக் கொண்டது. ஆகவே, நினைவு நாள் கேட்போருக்கு இது அவ்வளவாக உதவாது.

நான்காவது, விடுமுறை இல்லாத அரசு விழா அல்லது சிறப்பு நாள். செப்டம்பர் 17 சமூகநீதி நாள் என்று 2021-இலும், ஏப்ரல் 14 சமத்துவ நாள் என்று 2022-இலும் சட்டமன்றத்தில், விவாதமின்றி அறிக்கை படிக்க அரசுக்கு இடம்தரும் 110-ஆம் விதியின்கீழ் அறிவிக்கப்பட்டன. ஏப்ரல் 14 முன்பே விடுமுறை நாள்; செப்டம்பர் 17 இன்றும் பெரியார் பிறந்தநாளில் உறுதிமொழி ஏற்கும் வேலை நாளாகவே உள்ளது. ஜனவரி 25 மொழிப்போர் தியாகிகள் நாளும் விடுமுறை நாள் அல்ல. ஆனால் அந்த நாளின் பெருமை அதனால் குறைந்ததாக எவரும் சொல்ல மாட்டார்கள்.

நாங்கள் முதல் மனுவிலேயே மாநிலம் தழுவிய பொது விடுமுறை கேட்டோம். அதுவே எங்கள் முதல் பிழை. முதலில் உள்ளூர் விடுமுறையும் அரசு விழாவும் கேட்டு, அவை சில ஆண்டுகள் நடைமுறையில் நின்ற பிறகு அதையே சான்றாக வைத்துப் பெரிய கோரிக்கைக்குச் செல்வதுதான் நடக்கக்கூடிய வழி என்பது என் உறுதியான கருத்து.

2. அதிகாரம் யாரிடம் உள்ளது?

சட்டமன்றம் சட்டம் இயற்றித்தான் விடுமுறை வரும் என்று பலர் நம்புகிறார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். பொது விடுமுறையை அறிவிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசு 1957 ஜூன் 8 தேதியிட்ட அறிவிக்கையின் வழியே மாநில அரசுகளிடம் ஒப்படைத்துள்ளது. தமிழ்நாட்டில் அதைச் செயல்படுத்தி ஆண்டுதோறும் அரசாணை வெளியிடுவது தலைமைச் செயலகத்தின் பொதுத்துறை. மசோதா எதுவும் தேவையில்லை. அரசாணை ஒன்று போதும்.

அப்படியானால் சட்டமன்றத்துக்கு ஏன் மனு? துறைக்கு நேரடியாக அனுப்பும் மனுவுக்கு "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரு வரிப் பதிலோடு கதை முடியலாம். பொதுமக்களின் மனுக்களை ஆராயும் உறுப்பினர்களின் குழுவான, சட்டமன்றப் பேரவையின் மனுக்கள் குழு கேட்டால், துறை விளக்கம் அளித்தாக வேண்டும். அந்த விளக்கம் பதிவாகும். குழுவால் விடுமுறை அறிவிக்க முடியாது. அரசைப் பதில் சொல்லவைக்க முடியும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மனுவில் என்ன கேட்பது என்பதும் தெளிவாகிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "பொதுத்துறை" என்பதைப் "பொதுப்பணித்துறை" என்று எழுதிவிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு. எங்கள் முதல் மனுவில் நாங்கள் துறையின் பெயரையே குறிப்பிடவில்லை. அது பல மேசைகளைச் சுற்றிவிட்டு ஏழு மாதங்களுக்குப் பிறகு "எங்களுக்குத் தொடர்பில்லை" என்ற குறிப்போடு திரும்பி வந்தது.

3. தேதியை உறுதிசெய்து சான்றுகளைத் திரட்டுங்கள்

ஒரே நிகழ்வுக்கு ஊரில் இரண்டு தேதிகள் சொல்லப்படுவது வழக்கம். அந்தக் குழப்பத்தோடு மனு அளித்தால் அதிகாரி கேட்கும் முதல் கேள்வியிலேயே கோரிக்கை நின்றுவிடும். ஆங்கில நாட்காட்டித் தேதியா, தமிழ் மாதத்தின் நட்சத்திரமா என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். நட்சத்திரத்தைக் கொண்டால் நாள் ஆண்டுதோறும் மாறும். தஞ்சாவூரில் மாமன்னர் இராசராசனின் சதய விழா ஐப்பசி சதயத்தில் வருவது போல.

நீங்கள் கேட்கும் நாள் ஏற்கெனவே விடுமுறை நாளா என்பதையும் பாருங்கள். ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டாகவும் அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளாகவும் இருந்தும் ஒரே விடுமுறைதான். அப்படிப்பட்ட நாள் என்றால், விடுமுறை கேட்காமல் அரசு விழா கேட்பதே பொருத்தம்.

சான்றுகளாக நாங்கள் சேர்த்தவை: சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலிருந்து பெற்ற அக்கால அரசாணையின் நகல், மாவட்ட விவரச் சுவடியின் (கெசட்டியர்) தொடர்புடைய பக்கங்கள், நிகழ்வுக்கு அடுத்த வாரத்தில் வெளிவந்த நாளிதழ்ச் செய்தி, நினைவுத்தூண் கல்வெட்டின் ஒளிப்படம், கடந்த பத்து ஆண்டுகளில் நடந்த நினைவஞ்சலி நிகழ்ச்சிகளின் அழைப்பிதழ்கள். கடைசியாகச் சொன்னதை அற்பமாக எண்ணாதீர்கள். மக்கள் அந்த நாளைத் தாமாகவே தொடர்ந்து கடைப்பிடிக்கிறார்கள் என்பதற்கு அதைவிட நேரடியான சான்று வேறில்லை; எங்கள் கோப்பில் அதிகாரிகள் அதிக நேரம் புரட்டியதும் அந்த அழைப்பிதழ்களைத்தான். ஆவணக் காப்பகத்துக்கு ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம் என்று திட்டமிடாதீர்கள். அனுமதி பெற்று, அட்டவணையில் தேடி, ஆவணக் கட்டு வெளியே வருவதற்கே நேரமாகும். வெளியூரிலிருந்து செல்பவர் மூன்று வேலை நாட்களையாவது ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

4. தகவல் உரிமை மனுவால் முன்வரலாற்றைப் பெறுங்கள்

மனு எழுதுவதற்கு முன்பே, தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் பொதுத்துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பமும், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பமும் அனுப்புங்கள். கட்டணம் ஒவ்வொன்றுக்கும் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டினால் போதும். ஆவண நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய்.

"ஏன் இந்த நாளுக்கு விடுமுறை விடவில்லை?" என்று கேட்காதீர்கள், காரணம் கேட்கும் கேள்விக்குத் தகவல் அலுவலர் பதில் தர வேண்டியதில்லை. ஆவணமாக இருப்பதைக் கேளுங்கள்: கடந்த ஐந்து ஆண்டுகளில் மாவட்டத்தில் அறிவிக்கப்பட்ட உள்ளூர் விடுமுறைகளின் ஆணை நகல்கள், இதே நாளுக்காக முன்பு வந்த மனுக்களும் அவற்றின்மீதான குறிப்புகளும், புதிய விடுமுறை சேர்ப்பதற்கு வழிகாட்டு நெறிமுறைகள் இருந்தால் அவற்றின் நகல்.

பதிலுக்கு 30 நாட்கள். வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை. எங்களுக்கு இந்த வழியில்தான், பதினொரு ஆண்டுகளுக்கு முன்பே வேறொருவர் இதே கோரிக்கையை வைத்திருந்ததும், "கோருவோர் எண்ணிக்கை குறைவு" என்ற குறிப்போடு அது முடிக்கப்பட்டிருந்ததும் தெரிந்தது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த ஒற்றை வரியே சொல்லிவிட்டது.

5. ஆதரவைத் தீர்மானமாகப் பதிவுசெய்யுங்கள்

ஆயிரம் கையெழுத்துகளைவிடப் பத்து கிராம சபைத் தீர்மானங்களுக்கு மதிப்பு அதிகம். கையெழுத்தைச் சரிபார்க்க எவராலும் முடியாது; தீர்மானம் அரசின் பதிவேட்டிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. ஊராட்சியின் மக்கள்தொகைக்கேற்ப 50 முதல் 300 பேர் வரை வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும் என்பதால், உங்கள் பொருளை ஆதரிப்பவர்களை அழைத்துவருவதும் உங்கள் பொறுப்பே.

கூட்டத்துக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே ஊராட்சித் தலைவரிடமோ, தலைவர் பொறுப்பில் இல்லாத இடங்களில் தனி அலுவலரிடமோ, பொருளை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி எழுத்தில் கேட்டு ஒப்புதல் கையொப்பம் வாங்குங்கள். தீர்மானம் நிறைவேறியது என்று கைதட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். அது தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டதைக் கண்ணால் பார்த்து, முத்திரையிட்ட நகலை அந்த வாரத்திலேயே பெற்றுவிடுங்கள். எங்கள் பகுதியில் ஒரு கிராம சபையில் ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் பதிவேட்டில் ஏறாமலே போனது. அதை மீண்டும் நிறைவேற்ற அடுத்த கூட்டம் வரை நாங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

வணிகர் சங்கம், ஆசிரியர் சங்கம், தொழிற்சங்கம் ஆகியவற்றிடம் ஆதரவுக் கடிதம் வாங்குவதும் நல்லது. தனியார் ஆலைத் தொழிலாளர்களிடம் பேசும்போது உண்மையைச் சொல்லிவிடுங்கள்: அரசு விடுமுறை அறிவித்தால் ஆலைக்கும் விடுமுறை என்று பொருளில்லை. 1958-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் விடுமுறைச் சட்டம் நான்கு தேசிய விடுமுறைகளையும் ஐந்து பண்டிகை விடுமுறைகளையும் மட்டுமே கட்டாயமாக்குகிறது.

6. மனுவை எழுதுதல்

மனு தமிழில், இரண்டு பக்கங்களுக்குள் இருக்கட்டும். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்ற வழக்கமான அமைப்பே போதும். "பார்வை" என்ற இடத்தில் முந்தைய மனுக்களின் தேதி, தகவல் உரிமைப் பதிலின் எண், கிராம சபைத் தீர்மானங்களின் எண்கள் ஆகியவற்றை வரிசையாகக் குறிப்பிடுங்கள். கோப்பைக் கையாளும் உதவியாளர் முதலில் தேடுவது அதைத்தான்.

மனுக்கள் குழு விதிக்கும் நிபந்தனைகளை மீறினால் மனு ஆய்வுக்கே எடுத்துக்கொள்ளப்படாது. மனுவில் ஒரே ஒரு பிரச்சினைதான் இருக்க வேண்டும். அது ஒரே துறையைச் சார்ந்ததாக இருக்க வேண்டும். பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். தனிநபர் குறை, நீதிமன்றத்தில் வழக்கில் உள்ள பொருள், வேலைவாய்ப்பு, ஓய்வூதியம், பட்டா, கடன், பணி மாறுதல் போன்றவை ஏற்கப்பட மாட்டா. நினைவு நாளோடு சேர்த்து மணிமண்டபமும் பாடநூலில் ஒரு பாடமும் தியாகிகளின் குடும்பத்துக்கு உதவித்தொகையும் கேட்கும் ஆசை எவருக்கும் வரும், எங்களுக்கும் வந்தது. அவை நான்கும் வேறு வேறு துறைகளுக்கு உரியவை. ஒரே மனுவில் சேர்த்தால் நான்கும் போய்விடும்.

கோரிக்கை வரியை இப்படித் திட்டவட்டமாக எழுதலாம்: "ஆண்டுதோறும் இன்ன தேதியை இன்ன மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறையாக அறிவிக்கவும், அதற்கு ஈடாக அடுத்து வரும் இரண்டாம் சனிக்கிழமையை வேலை நாளாக அறிவிக்கவும், அன்று நினைவிடத்தில் அரசு சார்பில் மரியாதை செலுத்தவும் ஆணையிடும்படி அரசுக்குப் பரிந்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்." ஈடுசெய்யும் நாளை நீங்களே முன்மொழிவது மிக முக்கியம். வேலை நாள் குறைகிறது என்ற மறுப்புதான் எப்போதும் முதலில் எழும். அதற்கான விடை மனுவிலேயே இருந்துவிடுகிறது.

7. மனுவைச் சேர்த்தல்

"தலைவர், மனுக்கள் குழு, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, சென்னை – 600 009" என்பது முகவரி. குழு உங்கள் மாவட்டத்துக்கு வரவிருக்கும்போது மாவட்ட நிர்வாகம் செய்திக்குறிப்பு வெளியிடும். அதில் கடைசித் தேதி இருக்கும். அப்போது மனுவின் ஐந்து நகல்களை, மனுதாரர் தேதியுடன் கையொப்பமிட்டு, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் தர வேண்டும் என்று கேட்பார்கள். ஒருவர் ஒரு மனு மட்டுமே அளிக்கலாம். கடைசித் தேதிக்கும் அறிவிப்புக்கும் இடையே சில வாரங்கள்தான் இருக்கும்; ஆகையால், அறிவிப்பு வந்தபின் எழுதத் தொடங்குவது பயனில்லை. எல்லாவற்றையும் முன்பே ஆயத்தமாக வைத்துக்கொண்டு, நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தைத் தவறாமல் கவனியுங்கள்.

மனுவுக்குக் கட்டணம் எதுவுமில்லை. "உள்ளே நகர்த்தித் தருகிறேன்" என்று எவர் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அஞ்சலில் அனுப்புவதானால் விரைவு அஞ்சலைப் பயன்படுத்துங்கள். 2025-இல் பதிவு அஞ்சல் அதனோடு இணைக்கப்பட்டுவிட்டது. ரசீதையும், சேர்ப்பிக்கப்பட்டதைக் காட்டும் இணையப் பக்கத்தின் அச்சுப் படியையும் கோப்பில் வையுங்கள்.

அதே மனுவின் நகலைத் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் ஆட்சியரிடமும் அளித்து ஒப்புகைச் சீட்டு பெறுங்கள். உள்ளூர் விடுமுறைக்கு ஆணையிடுபவர் அவர்தான்.

8. ஆய்வு நாளில்

மனு ஏற்கப்பட்டால் உங்களுக்குத் தனியே தகவல் வரும். குழு உறுப்பினர்கள் மனுதாரர் முன்னிலையில் அதிகாரிகளிடம் உண்மை நிலையைக் கேட்பார்கள். உங்களுக்குக் கிடைப்பது இரண்டு அல்லது மூன்று நிமிடங்கள்தான். நிகழ்வின் வரலாற்றை முழுவதுமாகச் சொல்லத் தொடங்கினால் கோரிக்கையைச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். தேதி, வகை, ஈடுசெய்யும் நாள், தீர்மானங்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் முதலில் சொல்லுங்கள். மற்றவற்றை அவர்கள் கேட்டால் சொன்னால் போதும். எங்களுடன் வந்த பெரியவர் ஒருவர், தம் தந்தையை அந்த நாளில் இழந்தவர், கண் கலங்கிப் பேச முடியாமல் நின்றார். உறுப்பினர்கள் பொறுமையாகக் காத்திருந்து கேட்டார்கள். இருந்தாலும், புள்ளிவிவரத்தைச் சொல்ல இன்னொருவர் ஆயத்தமாக இருந்ததால்தான் எங்கள் கோரிக்கை முழுமையாகப் பதிவானது. இருவராகச் செல்லுங்கள்.

அதிகாரி "பரிசீலிக்கப்படும்" என்று சொன்னால், எத்தனை நாட்களுக்குள் அறிக்கை அனுப்பப்படும் என்று குழுவின் வழியாகவே பணிவாகக் கேளுங்கள்.

9. சட்டமன்ற உறுப்பினரை இணைத்துக்கொள்ளுங்கள்

உங்கள் தொகுதி உறுப்பினர் கேள்வி எழுப்பலாம், கவன ஈர்ப்புக்கு முன்னறிவிப்பு தரலாம், மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசலாம். அவரிடம் முப்பது பக்கக் கோப்பைக் கொடுக்காதீர்கள். அப்படியே கேட்கத்தக்க ஒரு கேள்வியை, ஒரே தாளில், பொதுத்துறைக்கு உரியது என்ற குறிப்போடு எழுதிக் கொடுங்கள். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பாராமல் மாவட்டத்தின் எல்லா உறுப்பினர்களையும் சந்தியுங்கள். நினைவு நாள் ஒரு கட்சிக்கு உரியதாகத் தோன்றிவிட்டால், ஆட்சி மாறும்போது கோரிக்கையும் மறைந்துவிடும்.

10. கால அட்டவணையும் செலவும்

அடுத்த ஆண்டுக்கான பொது விடுமுறை அரசாணை வழக்கமாக அக்டோபர் அல்லது நவம்பரில் வெளியாகிறது. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். நவம்பர் 1 கிராம சபையில் தொடங்கி, தகவல் உரிமைப் பதில்களை ஜனவரிக்குள்ளும், எஞ்சிய தீர்மானங்களை மே 1-க்குள்ளும் பெற்று, ஜூனில் மனு துறையைச் சென்றடைந்தால், பட்டியல் ஆயத்தமாகும் நேரத்தில் உங்கள் கோப்பு மேசையில் இருக்கும். நவம்பரில் கொடுத்த மனு ஓராண்டு தூங்கும். தேர்தல் நடத்தை விதிகள் நடைமுறையில் உள்ளபோது புதிய அறிவிப்பு எதுவும் வராது. பேரவை கலைக்கப்பட்டால் குழுவும் இராது. புதிய குழு அமைந்தபின் மனுவைப் புதிய தேதியிட்டு மீண்டும் அளியுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, எங்களுக்கு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 4,000 ரூபாய் ஆனது. அதில் முக்கால் பங்கு சென்னைப் பயணத்துக்கும் தங்குவதற்கும். மீதி நகல், அஞ்சல், கட்டண வில்லை.

11. மறுக்கப்பட்டால்

நீதிமன்றத்துக்கு ஓடாதீர்கள். தாத்ரா நாகர் ஹவேலியின் விடுதலை நாளான ஆகஸ்ட் 2-ஐப் பொது விடுமுறையாக்கக் கோரிய வழக்கில், பொது விடுமுறை பெறுவது அடிப்படை உரிமை ஆகாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2022 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. விடுமுறை என்பது அரசின் கொள்கை முடிவு. அதோடு, வழக்கு நிலுவையில் இருந்தால் மனுக்கள் குழுவின் கதவும் மூடிவிடும் என்பதை ஆறாம் படியில் பார்த்தோம்.

மறுப்புக் கடிதத்தில் உள்ள காரணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு விடையாக அமையும் ஆவணத்தைத் தேடி, அடுத்த சுற்று மனுவோடு இணையுங்கள். எங்களுக்கு வந்த மறுப்பில் "வேலை நாட்கள் பாதிக்கப்படும்" என்று இருந்தது. ஈடுசெய்யும் சனிக்கிழமையைக் குறிப்பிட்டு நாங்கள் மீண்டும் அளித்த மனு இப்போது மாவட்ட ஆட்சியரின் அறிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது. அதன் நடப்பு எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை அலுவலகத்துக்குச் சென்று நிலையைக் கேட்டு வருகிறோம்.